கோயில் மாத்திரை

அக்கா,

இன்று ராமநாதபுரத்தில், உங்கள் கொழுந்தனாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டியிருந்தது. கடைக்காரரிடம் குனிந்து, "கோயிலுக்குப் போகணும்ண்ணே, தள்ளிப் போடுறதுக்குக் குடுங்க" என்றாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் அட்டையை எடுத்துப் பாதியாகக் கத்தரித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைகளைப் பார்த்த பிறகு என் முறை வந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவளிடம் என்ன சொல்வது? பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் உங்கள் ஞாபகம். ஊர் வந்து சேரும்வரை உங்களோடு பேசிக்கொண்டுதான் வந்தேன். உலை வைத்துவிட்டு, மிச்சத்தை இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். நமக்குள் ஒளிவுமறைவாக இருந்ததையெல்லாம் இனி எழுதினால் என்ன? உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்கு முன்பே போய்விட்டார். அத்தையும் இல்லை. உங்கள் பெண்கள் இருவரிடமும் நானே சொல்லிவிட்டேன். பெரியவள் சிரித்தாள். சின்னவள் அழுதாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தீர்கள். ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். நமக்கு முட்டிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. காலையில் மிளகாய்க் கொல்லை, மதியம் மாடு, சாயங்காலம் தண்ணீர்க் குழாய். அதற்கு நடுவில்தான் ஊர்க்காரர்கள் என் வயிற்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். முதலில் ஜாடையாக, பிறகு நேராகவே. குழாயடியில் ஒருத்தி, "என்னத்தா, இன்னும் விசேசம் இல்லையா?" என்று கேட்டபோது, எனக்குப் பதிலாக நீங்கள்தான் சொன்னீர்கள்: "விசேசம் இருந்தா உன் வீட்டுல வந்து பாய் விரிச்சா சொல்லப் போறா? கொடத்த நகட்டு."

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கணக்கு எழுதுவதும் வார இதழ் படிப்பதும் பாராயணமும் நானாகக் கற்றுக்கொண்டவை. மளிகைக்கு ஒரு நோட்டு, பால் ஊற்றுவதற்கு ஒரு நோட்டு, மழை பெய்த நாளுக்கு ஒரு நோட்டு. என் நாட்களையும் காலண்டரில் தவறாமல் குறித்து வைப்பேன். ராமநாதபுரத்து டாக்டரம்மா முதல் முறை கேட்டபோது, தேதிகளை வரிசையாகச் சொன்னேன். "எல்லாரும் இப்படி வந்தா எனக்கு வேலை மிச்சம்" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை.

ஆஸ்பத்திரி ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். இரண்டையும் விடவில்லை. தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் குளித்தேன். திருப்புல்லாணியில் நாகர் வைத்து, பால் பாயசம் வாங்கிக் குடித்தேன். ராமேஸ்வரத்தில் எல்லாத் தீர்த்தமும் ஆடினேன். நயினார்கோவிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போனேன். நம் ஊர் அம்மனுக்கு மூன்று வருடம் தொடர்ந்து முளைப்பாரி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். இதற்கெல்லாம் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டுமே. கிளம்புகிற அன்று பார்த்து விலக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கலங்கியபோது, "அதுக்கு மாத்திர இருக்கு புள்ள. எங்கூர்ல எல்லாரும் போடுவாக" என்று தாய்வீட்டுக்குப் போய் வரும்போது வாங்கி வந்தீர்கள். முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தீர்கள். நாம் அதற்குக் கோயில் மாத்திரை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நான் பயந்தவள். இரண்டு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்தால் போதும் என்று நீங்கள் சொன்னாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவேன். கோயில் முடிந்ததும் நிறுத்துவேன். வரும். காலண்டரில் வட்டம் போடுவேன்.

டாக்டரம்மாவுக்கு ஒரு கட்டத்தில் பிடிபடவில்லை. முட்டை வளர மாத்திரை கொடுத்தார், ஸ்கேன் பார்த்தார், உங்கள் கொழுந்தனாரையும் பரிசோதிக்க வைத்தார். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், ரிசல்ட் நல்லபடியாக வந்ததும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மாதம் முட்டை வளர்கிறது, ஒரு மாதம் இல்லவே இல்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, அக்கா. அது உங்களுக்குத் தெரியும். என் மனத்தில் அது மருந்துக் கணக்கில் சேரவே இல்லை. விளக்குக்கு எண்ணெய், மாலைக்குப் பூ, அதோடு அந்த மாத்திரை. நீங்கள்தான் என் முழங்கையை இடித்தீர்கள். "அந்தக் கோயில் மாத்திரையச் சொல்லு, புள்ள."

"என்ன கோயில் மாத்திரை?"

நீங்கள் சொல்லச் சொல்ல டாக்டரம்மா பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். எப்போதெல்லாம் போட்டேன் என்று கேட்டார். ஒவ்வொரு கோயிலாகச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். நடுவில் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் குழாய், நுனியில் சினைப்பை. அந்த நேரத்திலும் நீங்கள் எட்டிப் பார்த்து, "ஆட்டுத் தல மாதிரியில்ல இருக்கு, கொம்போட" என்றீர்கள். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இங்கேருந்து மாசம் ஒரு முட்டை கிளம்பணும். நீங்க அவ்வளவு முன்னாடியே அந்த மாத்திரையை ஆரம்பிச்சா, சில மாசம் முட்டை கிளம்பியே இருக்காது. நிறுத்தினதும் ரத்தம் வருதே, அது உங்க உடம்பு குடுத்த நாள் இல்லைம்மா. மாத்திரை குடுத்த நாள். அதை முதல் நாளா வச்சுக்கிட்டு நானும் மருந்து குடுத்துட்டிருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே வேண்டாம். சாமி கும்பிடுங்க. மாத்திரை போடாம கும்பிடுங்க."

நான் தவறாமல் எழுதிய தேதிகளில் எது என்னுடையது, எது மாத்திரையுடையது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளை வேண்டும் என்று எங்கெல்லாம் போய் நின்றேனோ, அங்கெல்லாம் பிள்ளையைத் தள்ளிவைத்துவிட்டுப் போய் நின்றிருக்கிறேன். வெளியே வந்ததும் நீங்கள், "நாந்தான வாங்கிக் குடுத்தேன்" என்றீர்கள். "நாந்தான முழுங்குனேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம்.

அடுத்த முறை போனபோது உங்கள் காரியமும் நடந்தது. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டரம்மாவோடு நீங்கள் மட்டும் தனியாகப் பேசினீர்கள். திரும்பி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். கேட்டதற்கு, "காப்பர்-டீ வச்சுட்டேன்" என்றீர்கள், கொத்தமல்லிக் கட்டு வாங்கிவிட்டேன் என்பது போல. சின்னவள் பிறந்தபோது உங்களுக்குப் போன ரத்தம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அத்தை ஆண் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். "அடுத்தது பொழச்சு எந்திரிப்பேனான்னு எனக்கே தெரியல. இருக்குற ரெண்ட வளக்க ஆளு வேணுமில்ல" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றேன். "நீ சொல்லாட்டித் தெரியாது."

வீட்டில் எல்லாரும் நாம் இருவரும் எனக்காகத்தான் ஆஸ்பத்திரி போய் வருகிறோம் என்று நினைத்தார்கள். "ஓரகத்திக்காக இந்தப் பாடு படுறாளே" என்று அத்தை உங்களை மெச்சினார்கள். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினீர்கள்.

பிறகு அந்த ஆவணி. என் வேண்டுதலுக்கு மூன்றாவது வருடம். மாத்திரை போடாமல் விட்டால் என் நாள் சரியாக முளைப்பாரி தூக்குகிற அன்றைக்கோ முதல் நாளோ வரும் என்று தெரிந்துவிட்டது. மாத்திரை போட்டால் வேண்டுதல் முடியும். டாக்டரம்மா ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த உடம்பு கெடும். போடாவிட்டால், பிள்ளைக்காக நேர்ந்ததைப் பிள்ளைக்காகவே முறிக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை. "போடாத. வாரது வரட்டும். வீட்டுல ஒருத்தி தூக்குனாப் போதும்" என்று முடித்துவிட்டீர்கள்.

காப்புக் கட்டியதிலிருந்து நான்தான் முளைப்பாரி வீட்டுக்குப் போனேன். மண் ஓட்டில் வைக்கோலும் எருவும் பரப்பி, மொச்சையும் தட்டாம்பயறும் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். வாசலில் நிற்கிற அம்மாள் ஒவ்வொருத்தியையும் கேட்டுத்தான் உள்ளே விடுவார்: "சுத்தமாத்தான இருக்க?" தலையாட்டிவிட்டுப் போவேன். என் பயிருக்கு வளர்த்தி அந்த வருடம் நன்றாக இருந்தது. தூக்குவதற்கு முதல் நாள் விலக்கானேன். சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் குலவைச் சத்தமும் கொட்டுச் சத்தமும் தெருவில் போவதை அங்கிருந்தே கேட்டேன். என் முளைப்பாரி உங்கள் தலையில் போகிறது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊருணியில் கரைத்துவிட்டு நனைந்த சேலையோடு நேராக என்னிடம் வந்தீர்கள். தீட்டுக்காரியிடம் வருகிறீர்களே என்று நான் பதறி நகர்ந்தேன். "தள்ளு. எனக்கும் எடம் விடு" என்று என் பாயிலேயே உட்கார்ந்தீர்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வரிசையில நிக்கையில வந்துருச்சு, புள்ள. தலையில ஏத்திட்டாக. அதுக்கு அப்புறம்."

"எறக்கி வச்சிருக்கலாமேக்கா."

"வச்சா ஊரே கேக்கும். எனக்கு நாளு போன வாரந்தான்னு அத்தைக்குத் தெரியும். இப்ப எதுக்கு வந்துச்சும்பாக. காப்பர்-டீ வச்சா நடுவுல இப்பிடி வரும்னு டாக்டரம்மா சொன்னத அவுககிட்டச் சொல்லவா?" பிறகு, "ரெண்டு பேரும் இங்கன உக்காந்துட்டா உன் நேத்திக்கடன யாரு முடிக்கிறது?" என்றீர்கள்.

அம்மனிடம் எவ்வளவு பயம் எனக்கு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படியும் என் மாற்றுச் சேலையை எடுத்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கட்டிக்கொண்டு, உங்கள் சேலையை வெளியே கொடுக்காமல் நீங்களே அலசிக் காயப்போட்டீர்கள்.

கார்த்திகை கடைசியில் எனக்கு நின்றது. டாக்டரம்மா ஸ்கேனில் காட்டினார். ஒரு பயறளவு, அதற்குள் துடிப்பு. நீங்கள் ஸ்கேன் அறையிலேயே மூக்கைச் சிந்தினீர்கள். அத்தை எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தார்கள். மாசி பிறந்தபோது அது கலைந்துவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை, கரு சரியாக உருவாகாதபோது உடம்பே விட்டுவிடும், நீங்கள் செய்ததோ செய்யாததோ இதில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நீங்கள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இளைத்துப் போனீர்கள். எனக்குப் பத்தியம் சமைத்துவிட்டு நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போவீர்கள். உடம்பு தேறியதும், "சேதுக்கரை வரைக்கும் போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்" என்று கூப்பிட்டீர்கள். எனக்காகத்தான் என்று நினைத்தேன். கடலில் நீங்கள் முழுகிக்கொண்டே இருந்தீர்கள். உதடு வெளுத்த பிறகும் கரையேறவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மணலில் உட்கார்ந்து, தலையைத் துவட்டாமலே கேட்டீர்கள்.

"அப்பிடியே தூக்கிட்டுப் போனேனே, என்னாலதானா?"

"டாக்டரம்மா சொன்னாகல்ல. கருவு சரியா..."

"டாக்டரம்மா சொன்னது கெடக்கட்டும். உன்னையக் கேக்குறேன்."

"நித்தம் வெளக்கு வச்சுக் கேக்குறேன்க்கா. உங்க மேல குத்தம்னு ஒரு நாளும் எனக்குத் தோணல."

"தோணாமத்தான் தூங்காமக் கெடக்கியாக்கும்?"

"அது வேற."

"எது வேற?"

"அது போன புள்ளைக்கு. உங்களுக்கு இல்ல."

நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. காசியிலிருந்து வந்த யாரோ ஒரு குடும்பம் பக்கத்தில் மண்ணில் லிங்கம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குது, வா. அந்தக் கடையில இட்லி கல்லு மாதிரி இருக்கும். இருந்தாலும் தின்போம்" என்றீர்கள். தின்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் களைப்பு மட்டும்தான், அக்கா. மதுரைக்குப் போனோம். ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, மறுபடியும் ஊசி. அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள் எல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தன. ஒவ்வொரு முறையும் வயிறு உப்பி, மனசு உப்பி, பிறகு இரண்டும் வடியும். அத்தை உங்கள் கொழுந்தனாருக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று இழுத்தபோது, "பாருங்கத்த. வாரவளுக்கும் சேத்து நாந்தான் பஸ்ஸேறணும், எனக்கு முட்டி வலிக்குது" என்றீர்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. கடைசியில் உங்கள் கொழுந்தனார்தான் ஒரு நாள் ரிப்போர்ட்டுகளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, "போதும்டா, உன்னைய இன்னும் குத்திப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். நான் மறுப்புச் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

நான் வைத்தியத்தை நிறுத்திய பிறகும் உங்களுக்குக் காப்பர்-டீ மாற்ற வேண்டி வந்தது. "எனக்கு ஆஸ்பத்திரி போகணும். நீ வயித்து வலின்னு படு" என்றீர்கள். நான் படுத்தேன். பிள்ளைக்காக நான் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி உங்களை உயிரோடு வைத்திருந்தது. அதை நினைத்தால் அந்தப் போக்குவரத்து முழுக்க வீண் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பெண்கள் இருவரும் உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்தார்கள். அது போதாதா என்று சில நாள் தோன்றும். போதாது என்றும் சில நாள் தோன்றும். நீங்கள் இருந்தால் இரண்டையும் சொல்லியிருப்பேன்.

போன பங்குனியில், களத்தில் மிளகாயைப் பரப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். உங்களைக் குளிப்பாட்டியபோது மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு நானே சேலை கட்டினேன்.

எனக்கு விலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை வருடம் தள்ளிப் போட்டேன், எத்தனை வருடம் வரக் கூடாது என்று கும்பிட்டேன். கடைசியில் ஒரு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போய்விட்டது. உங்களிடம் சொன்னபோது, "விடு, கழுதைய" என்றீர்கள். இந்த ஆவணியில் ஊர்ப் பெண்கள் வந்து, முளைப்பாரி வீட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். வாசலில் நிற்பதற்கு இனி விலக்கில்லாதவள், பயபக்தி உள்ளவள் வேண்டும் என்றார்கள். பிள்ளை இல்லாதவளை இந்த ஊர் முளைப்பாரி வாசலில் நிறுத்துகிறது, அக்கா. மறுக்கத் தோன்றவில்லை. தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு போய் நின்றேன்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். வழக்கப்படி, "சுத்தமாத்தான இருக்க?" என்கிற என் கேள்விக்காக வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அம்மனுக்குச் சுத்தம் வேண்டும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அதை மறைக்க மாட்டேன். அன்று நீங்கள் செய்தது சரி என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நான் கேட்டால் அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நிற்பார்கள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வாசலிலிருந்து நகர்ந்து வழி விட்டேன். "உள்ள போங்கத்தா, தண்ணி கொஞ்சமாத் தெளிங்க" என்றேன். ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. குற்றம் இருந்தால் அது என் கணக்கில் இருக்கட்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.